எச்சில் விழுங்க முடியாதவனுக்கு இவான் இல்லிச் எதற்கு?

நண்பரொருவர் அண்மையில் எழுதிய கட்டுரையை இருமுறை வாசித்தேன். முதல்முறை அதன் மொழிநடைக்காக. இரண்டாம் முறை, அவர் சொல்லியிருப்பதாக நான் எண்ணியதைத்தான் உண்மையிலேயே சொல்லியிருக்கிறாரா என்று உறுதிசெய்துகொள்வதற்காக. அவருடைய ஊர்ப் பெரியவர் ஒருவருக்கு உணவுக்குழாயில் புற்று. அறுவை செய்ய இயலாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். கதிர்வீச்சுக்கு எழுதிக்கொடுத்த சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு குடும்பம் ஊர் திரும்பியது. பெரியவர் திண்ணையில் சாய்ந்தபடி வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டே சில மாதங்களில் அடங்கினார். இதை, மரணத்தை அதன் இயல்பில் ஏற்கத் தெரிந்த ஒரு மரபின் விவேகம் என்று நண்பர் வர்ணிக்கிறார். உடலை இயந்திரத்தின் முன் கிடத்துவது நவீனத்துவத்தின் வன்முறையாம். ஃபூக்கோ வருகிறார். இவான் இல்லிச் வருகிறார். வராதவர் அந்தப் பெரியவர்தாம். அந்தச் சில மாதங்களில் அவர் என்ன குடித்தார், என்ன விழுங்கினார் என்ற ஒரு வரி கூட அக்கட்டுரையில் இல்லை.

அந்த வரியை நான் எழுதுகிறேன். எழுதும் தகுதி எனக்கு இருக்கிறது, பெருமைக்குரிய தகுதியன்று.

2011-ல் என் சித்தப்பாவுக்கு இதே நோய். வயது அறுபத்திரண்டு. நாற்பதாண்டு பீடி, அதற்கு இணையாக வெற்றிலை புகையிலை. நெஞ்சின் நடுப்பகுதியில் கட்டி. மூச்சுக்குழலின் இடது கிளையையும் பெருந்தமனியையும் ஒட்டிப் படர்ந்துவிட்டதால் பிரித்தெடுக்க இயலாது என்று அறுவை மருத்துவர் சொன்னார். நுரையீரலிலோ கல்லீரலிலோ பரவியிருக்கவில்லை. “ஆபரேஷன் பண்ண முடியாது. கரண்ட் வச்சுப் பாக்கலாம், எழுதித் தரேன்” என்றார். அவர் பேசியது மொத்தம் இரண்டு நிமிடம். வெளியே வந்ததும் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். குடும்பத்தில் நாலு புத்தகம் படித்தவன் நான் ஒருவன்தான். “அவரை ஏன் வதைக்கணும், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்” என்று சொன்னவன் நான். இல்லிச்சை நானும் படித்திருந்தேன்.

இந்த நோய் எப்படிக் கொல்கிறது என்பதை அறிந்தவர்கள் அதை அமைதியான மரணம் என்று எழுத மாட்டார்கள். உணவுக்குழாய் விரிந்து கொடுக்கும் தசைக்குழல். உட்புறம் பாதிக்கு மேல் அடைபடும் வரை பெரும்பாலோர்க்கு ஒன்றும் தோன்றாது. பிறகு ஒருநாள் இட்லி நெஞ்சில் நிற்கிறது. தண்ணீர் குடித்தால் இறங்குகிறது. சில வாரங்களில் இட்லி போய்க் குழைத்த சோறு, அது போய்க் கஞ்சி, பிறகு வடிகட்டிய கஞ்சி, பிறகு பால். கடைசியில் எச்சில். மனித உடல் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் உமிழ்நீர் சுரக்கிறது. நாம் அறியாமலே விழுங்கிவிடுகிறோம். விழுங்க வழியில்லாதவன் அதை எங்கே கொண்டுபோவான்? சித்தப்பாவின் கட்டிலருகே ஒரு பழைய ஹார்லிக்ஸ் டப்பா இருந்தது. இரவெல்லாம் எழுந்தெழுந்து அதில் துப்பிக்கொண்டிருப்பார். படுத்தால் புரையேறும், ஆகவே உட்கார்ந்தபடியே தூங்குவார். “டேய் தம்பி, ஒரு வாய் காப்பி எறங்கினாப் போதும்டா” என்று என்னிடம் கேட்டார். மோட்சம் கேட்கவில்லை. காப்பி கேட்டார். நண்பரின் பெரியவரும் வேப்பமரத்தைப் பார்த்திருப்பார், மறுக்கவில்லை. அவர் மடியில் என்ன இருந்தது என்பதை நண்பர் பார்க்கவில்லை.

இல்லிச்சைப் பற்றி ஒரு வார்த்தை. மருத்துவ நிறுவனமே நோயை உண்டாக்குகிறது என்று 1975-ல் நூலெழுதிய அவர், தம் முகத்தில் வளர்ந்த கட்டிக்கு வழக்கமான சிகிச்சையை மறுத்தார் என்பதும், 2002-ல் மறைந்தார் என்பதும் உண்மை. நண்பர் இதைச் சிலிர்ப்புடன் குறிப்பிடுகிறார். வலிக்கு அவர் அபின் பயன்படுத்தினார் என்பதைக் குறிப்பிடவில்லை. கட்டி கன்னத்தில் இருந்தது, தொண்டைக்குக் கீழே அல்ல என்பதையும் குறிப்பிடவில்லை. நோயைப் படிமமாக்குவதற்கு எதிராக 1978-ல் சூசன் சொன்டாக் ஒரு சிறுநூல் எழுதினார். அவர் மார்பகப் புற்றுக்குச் சிகிச்சை பெற்றவர். நம் சிற்றிதழ் உலகில் அந்நூலின் பெயர் அடிக்கடி அடிபடுகிறது. அதன் வாதம் மட்டும் எப்படியோ எவர் காதிலும் ஏறவில்லை. நம் திரைப்படக் கதாநாயகனுக்கு இரத்தப் புற்று. அவன் இருமிக்கொண்டே பாடுவான். நம் இலக்கியக் கதாநாயகனுக்கு வேறு ஏதோ ஓர் உறுப்பில் புற்று. அவன் மௌனமாக ஜன்னலைப் பார்ப்பான். இருவருக்கும் சிகிச்சை கிடையாது. சிகிச்சை வந்துவிட்டால் கதை கெட்டுவிடும்.

நிற்க. “அறுவை செய்ய இயலாது” என்ற வாக்கியத்துக்கு வருவோம். என் சண்டையின் மையம் இதுதான்.

தமிழில் இந்த வாக்கியம் ஒரு தீர்ப்பைப் போல ஒலிக்கிறது. மருத்துவத்தில் இது குறைந்தது நான்கு வேறுபட்ட நிலைமைகளைக் குறிக்கும். கட்டி கழுத்துப் பகுதியில் இருந்தால், அறுப்பதென்பது பெரும்பாலும் குரல்வளையையும் சேர்த்து எடுப்பதாக முடியும். அங்கே கீமோவுடன் கூடிய கதிர்வீச்சையே முதல் சிகிச்சையாகத் தேர்ந்தெடுப்பார்கள். கைவிட்டுவிட்டார்கள் என்று பொருளன்று. கட்டி சிறிதாக இருந்தும் நோயாளியின் இதயமோ நுரையீரலோ அத்தனை பெரிய அறுவையைத் தாங்காது என்றால் அது வேறு. சித்தப்பாவுக்கு நேர்ந்தது போல் கட்டி பக்கத்து உறுப்புகளில் பற்றிக்கொண்டிருந்தால் அது மூன்றாவது. உணவுக்குழாய்க்குக் குடலைப் போல வெளியுறை கிடையாது, ஆகவே கட்டி எளிதில் அண்டை வீட்டுக்குள் நுழைந்துவிடும். தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவிவிட்ட நிலை நான்காவது. முதல் இரண்டிலும் கதிர்வீச்சின் நோக்கம் நோயைத் தீர்ப்பது. மூன்றாவதிலும் பலருக்கு அந்த முயற்சி உண்டு. நான்காவதில் நோக்கம் விழுங்கச் செய்வது, வலியையும் கசிவையும் குறைப்பது. இந்த நால்வருக்கும் நாம் வைத்திருப்பது ஒரே வாக்கியம், ஒரே ஆட்டோ, ஒரே ஊர்திரும்பல்.

அறுவைதான் மெய்யான சிகிச்சை, கதிர்வீச்சு மிச்சம்மீதி என்ற எண்ணம் எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. கத்தியில் ஒரு வீரம் இருக்கிறது போலும். 1980-ல் எர்லாமும் குன்ஹா மெலோவும் அதுவரை வெளிவந்திருந்த அறுவை அறிக்கைகளைத் தொகுத்து ஒரு கணக்குப் போட்டார்கள். நோயாளிகள் நூறு பேரில் 39 பேருக்கே கட்டியை எடுக்க முடிந்தது. அவர்களில் 13 பேர் மருத்துவமனையை விட்டு உயிருடன் வெளியே வரவில்லை. ஐந்தாண்டு வாழ்ந்தவர்கள் நால்வர். கதிர்வீச்சு அறிக்கைகளையும் அவ்வாண்டே அவர்கள் தொகுத்தார்கள். அங்கே ஐந்தாண்டு வாழ்ந்தவர்கள் நூற்றுக்கு அறுவர். இரண்டுமே பரிதாபமான எண்கள்தாம். இன்று அறுவை பெருமளவு பாதுகாப்பாகிவிட்டது. இயன்றவர்களுக்கு அதை வேண்டாமென்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் நம் நாட்டில் மிகுதியாகக் காணப்படும் செதிளணுப் புற்றைப் பொறுத்தவரை, கதிர்வீச்சு ஒரு காலத்திலும் கடைப்பந்திச் சோறாக இருந்ததில்லை. 2007-ல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வு இதைவிடத் துலக்கமானது. கீமோவுக்கும் கதிர்வீச்சுக்கும் நன்கு இணங்கியவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு அறுவை செய்தார்கள். மறு பிரிவினருக்கு அதே சிகிச்சையைத் தொடர்ந்தார்கள். இரண்டாண்டு வாழ்ந்தவர்கள் அறுவைப் பிரிவில் நூற்றுக்கு 34, மற்றதில் 40. அறுவையால் ஆயுள் கூடியதாகக் காட்ட முடியவில்லை.

திருப்புமுனையாக அமைந்த ஆய்வு அமெரிக்காவில் எண்பதுகளின் பிற்பாதியில் நடந்தது. அறுவையின்றிச் சிகிச்சை பெற்ற நோயாளிகளை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு 64 கிரே கதிர்வீச்சு மட்டும். மற்றதற்கு 50 கிரே, அதனுடன் சிஸ்பிளாட்டினும் ஃபுளூரோயுராசிலும். முதல் முடிவு 1992-லும் நீண்டகால முடிவு 1999-லும் வெளிவந்தன. கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் ஐந்தாண்டு வாழ்ந்தவர் ஒருவருமில்லை. கீமோவும் சேர்த்துப் பெற்றவர்களில் நூற்றுக்கு 26 பேர் வாழ்ந்தார்கள். நான்கில் ஒருவர், கத்தி படாமலே. நேர்மைக்காக ஒன்று சொல்ல வேண்டும்: அவர்கள் சித்தப்பாவைப் போலத் தமனியில் படர்ந்த நோயுடையவர்கள் அல்லர். சித்தப்பாவைப் போன்றவர்களைப் பற்றி ஜப்பானியர்கள் 1999-ல் எழுதினார்கள். அண்டை உறுப்புகளில் பற்றிய, அல்லது தொலை நிணநீர்க் கணுக்களுக்குச் சென்ற 54 பேருக்கு இதே இணைச் சிகிச்சை. மூன்றில் ஒருவருக்குக் கட்டி முழுவதும் மறைந்தது. மூன்றாண்டு வாழ்ந்தவர்கள் நூற்றுக்கு 23. சிகிச்சையாலேயே இறந்தவர்களும் அந்த 54 பேரில் உண்டு. அதையும் மறைப்பதற்கில்லை.

2011-ல் நான் அந்த மருத்துவமனை வாசலில் நின்று தத்துவம் பேசியபோது இந்த எண்கள் அச்சாகிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

“கரண்ட் வைத்தல்” என்ற சொல்லின் மீதும் எனக்குக் கோபமுண்டு. அச்சொல்லைக் கேட்டதும் சித்தியின் முகம் போன போக்கு இன்னும் நினைவிருக்கிறது. உடம்பில் மின்சாரம் பாய்ச்சுவார்கள், தூக்கித் தூக்கிப் போடும் என்று அவர் நினைத்தார். ஒரு மின்னோட்டமும் உடலுக்குள் போவதில்லை. கடினமான மேசையில் மல்லாந்து படுக்க வேண்டும். நெஞ்சில் மையால் குறியிட்டிருப்பார்கள். அறையில் யாருமில்லை, இயந்திரம் மெல்லச் சுற்றுகிறது, சில நிமிடங்கள், அவ்வளவுதான். அந்நேரத்தில் வலி இல்லை, சூடு கூடத் தெரியாது. திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு ஒருமுறை, 1.8 கிரே வீதம் 28 முறை, மொத்தம் 50.4 கிரே, ஐந்தரை வாரங்களுக்குச் சற்று மேல். பழைய கோபால்ட் இயந்திரமாக இருந்தால் சற்று அதிக நேரம் படுக்க நேரும். கோபால்ட்டின் வீரியம் ஐந்தேகால் ஆண்டுகளில் பாதியாகிவிடும், ஆகவே மூலம் பழையதாக ஆக நிமிடங்கள் கூடும். இப்படி வெளியிலிருந்து கதிர்வீச்சு பெற்றுவந்தவர் வீட்டில் எவர் மீதும் எதையும் வீசமாட்டார். அவருக்குத் தனித்தட்டு வைப்பவர்களையும், பேரக்குழந்தையை அவர் மடியிலிருந்து பிடுங்குபவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

துன்பம் இல்லையென்று சொன்னால் நானும் நண்பரைப் போலவே பொய் சொன்னவனாவேன். இரண்டாம் மூன்றாம் வாரத்தில் உணவுக்குழாயின் உட்சவ்வு புண்ணாகும். விழுங்குவது முன்னைவிடக் கடினமாகும், நெஞ்சு எரியும். கீமோவும் சேர்ந்தால் வாந்தி, இரத்த அணுக்கள் குறைதல், காய்ச்சல். சிலருக்கு மூக்கு வழியாகவோ வயிற்றில் துளையிட்டோ குழாய் வைத்துத்தான் உணவளிக்க வேண்டியிருக்கும். பிழைத்தவர்களுக்குப் பின்னாளில் அவ்விடம் தழும்பாகிச் சுருங்குவதுண்டு. அவ்வப்போது விரித்துவிட வேண்டும். இவற்றையெல்லாம் முதல்நாளே உட்காரவைத்துச் சொன்னால் குடும்பம் தாங்கிக்கொள்ளும். யாரும் சொல்லாததால் என்ன நடக்கிறது? மூன்றாம் வாரத்தில், “கரண்ட் வச்சதுக்கப்புறம் குடிச்சிக்கிட்டிருந்த கஞ்சியும் எறங்கல” என்று நோயாளியை அழைத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். வேதனையின் பங்கை முழுதாக அனுபவித்துவிட்டுப் பலனின் வாசலில் திரும்பிவிடுகிறார்கள். இடையில் நாட்கள் விடுபட்டாலே, இவ்வகைக் கட்டிகளில் எஞ்சிய அணுக்கள் மீண்டும் பெருகத் தொடங்கும். பாதியில் நிறுத்துவது பாதி சிகிச்சை கூட அன்று.

இங்கே என் கோபம் நண்பரை விட்டு வேறு பக்கம் திரும்புகிறது. மருத்துவர்களே, நீங்களும் இதில் பங்காளிகள். ஒரு மனிதனின் எஞ்சிய வாழ்வை இரண்டு நிமிடத்தில் சொல்லி அடுத்த டோக்கனைக் கூப்பிடும் அவசரம் உங்கள் தனிப்பட்ட குற்றமன்று, அறிவேன். வெளியே நூறு பேர் நிற்கிறார்கள். ஆனால் “குணப்படுத்துவதற்காகத் தருகிறோம்” அல்லது “விழுங்க வைப்பதற்காகத் தருகிறோம்” என்ற ஒற்றை வாக்கியத்துக்கு எத்தனை விநாடி ஆகும்? ஆங்கிலத்தில் அச்சிட்ட சம்மதப் படிவத்தில் ரேகை வாங்க ஆகும் நேரம் கூட ஆகாது. நோயின் பெயரை நோயாளிக்குச் சொல்லாமல் மகனிடம் மட்டும் கிசுகிசுக்கும் வழக்கம் வேறு. சித்தப்பாவுக்குக் கடைசிவரை அது “புண்” தான். ஐந்தரை வாரம் எதற்காகப் படுக்கப்போகிறோம் என்று தெரியாதவன் எப்படிச் சம்மதிப்பான்?

புதிய இயந்திரங்களை விற்கும் தனியார் கூடங்களுக்கும் ஒரு சொல். அதிக அளவு, அதிக நாள், அதிக விலை என்பது அதிக நன்மையன்று. 50.4 கிரேயோடு 64.8 கிரேயை ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வு 2002-ல் வெளிவந்தது. கூடுதல் அளவால் பயனில்லை. 2021-ல் நெதர்லாந்து ஆய்வு 61.6 கிரே வரை சென்று பார்த்தது, அங்கும் இல்லை. நோய் முற்றிப் பரவியவர்களுக்குக் கீமோவைச் சேர்த்தால் மேலும் விழுங்குவார்களா என்று ஆஸ்திரேலியா உள்ளிட்ட நாடுகளில் சோதித்து 2018-ல் வெளியிட்டார்கள். கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 35 விழுக்காட்டினருக்கு நிவாரணம், கீமோவும் பெற்றவர்களில் 45. அந்த வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம் என்றே கணக்கு சொன்னது. வாந்தியும் குமட்டலும் கூடியதோ தற்செயலன்று. அங்கே கதிர்வீச்சுக்கு எடுத்துக்கொண்டவை வெறும் இரண்டு மூன்று வாரங்கள். அப்படிப்பட்ட நோயாளியை ஐந்தரை வாரம் படுக்கவைத்து, வீட்டை அடகு வைக்கச் சொல்பவர் எவராயினும் அவருக்கும் இல்லிச்சுக்கும் நடுவில் நான் இல்லிச்சின் பக்கம்தான் நிற்பேன்.

உணவுக்குழாய்க்குள்ளேயே மெல்லிய குழலை இறக்கி, கதிர்மூலத்தைக் கட்டியருகே கொண்டுபோய் வைக்கும் முறையும் உண்டு. இதையும் உலோக வலைக்குழலான ஸ்டென்டையும் நெதர்லாந்தில் ஒப்பிட்டு 2004-ல் எழுதினார்கள். ஸ்டென்ட் உடனே வழிதிறந்தது. ஒரே ஒருமுறை 12 கிரே உட்கதிர் பெற்றவர்களுக்கு நிவாரணம் மெல்ல வந்தது, ஆனால் நீடித்தது, சிக்கல்களும் குறைவு. சில வாரமே எஞ்சியிருப்பவருக்கு ஸ்டென்ட், பல மாதம் எதிர்பார்க்கத்தக்கவருக்கு உட்கதிர் என்று அப்போதே நியாயமாக முடிவெடுக்க முடிந்தது. ஒரே ஒருமுறை, நண்பர்களே. இதுவா நவீனத்துவத்தின் வன்முறை?

“ஏழைக்கு இதெல்லாம் எங்கே?” என்று கேட்பார்கள். சென்னை அரசு பொது மருத்துவமனை வளாகத்திலுள்ள பர்னார்டு கதிரியல் நிலையம் 1934-ல் திறக்கப்பட்டது. முத்துலட்சுமி ரெட்டி முன்னின்று தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம் 1954-லிருந்து இயங்குகிறது. காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் அண்ணா பெயரிலான அரசுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் கதிர்வீச்சும் அடக்கம். சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ரயில் கட்டணச் சலுகை உண்டு. உண்மையான செலவு வேறிடத்தில் இருக்கிறது: ஆறு வாரம் வெளியூரில் தங்குவது, துணைக்கு இருப்பவர் கூலியை இழப்பது, வரிசையில் காத்திருக்கும் வாரங்கள். மரபின் விவேகம் என்று நண்பர் கண்டது பெரும்பாலும் இந்தக் கணக்குதான் என்பது என் ஐயம். வறுமை எடுத்த முடிவுக்கு ஞானம் என்று பெயரிடுவதில் நமக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. யாரும் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

எல்லோரும் கதிர்வீச்சு பெற்றே தீரவேண்டும் என்று நான் வாதிடவில்லை. கட்டி மூச்சுக்குழலைத் துளைத்து, குடிக்கும் நீர் நுரையீரலுக்குப் போகும் நிலையில் இருப்பவருக்குப் பெரும்பாலும் முதலில் ஸ்டென்ட்தான். படுக்கையிலிருந்து எழமுடியாதவரை இரண்டு பேருந்து மாற்றி அழைத்துப்போவது கொடுமை. முழு விவரமும் கேட்டு, எனக்கு வேண்டாம் என்று தன் வாயால் சொல்பவரின் மறுப்பை நான் வணங்குவேன். சித்தப்பாவிடம் யாரும் கேட்கவில்லை. நண்பரின் பெரியவரிடம் கேட்டார்களா என்பதும் அக்கட்டுரையில் இல்லை. வீட்டில் முடிவெடுத்தால் மார்ஃபினாவது வேண்டும், குழாய்வழி உணவாவது வேண்டும், இரவில் எச்சிலை உறிஞ்சியெடுக்க ஒரு சிறு கருவியாவது வேண்டும். எங்களிடம் ஹார்லிக்ஸ் டப்பா இருந்தது.

அவர் நான்கு மாதம் இருந்தார். கடைசி ஒன்பது நாள் தண்ணீர் இறங்கவில்லை. நனைத்த துணியை உதட்டில் வைத்துக்கொண்டிருந்தோம்.

சித்தி இப்போதும் எப்போதாவது கேட்பார். “அன்னிக்கு கரண்ட் வச்சிருந்தா பொழச்சிருப்பாரா தம்பி?” பிழைத்திருக்க மாட்டார் என்பதற்கே வாய்ப்பு அதிகம், அதை அவரிடம் சொல்லிவிடுகிறேன். “காப்பியாவது குடிச்சிருப்பாரா?” என்று அடுத்து கேட்பார். அதற்கு நான் இதுவரை பதில் சொன்னதில்லை.